ஈர்க்குச்சி

அம்பத்தூர் எஸ்டேட்டில்
ஆயுத பூசைக்கு முதல் நாள் சாயங்காலம்
மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்தாகிவிட்டது.
கத்தரிக்கோலுக்குப் பூ.
துணி வெட்டும் பிளேடுக்குச் சந்தனம்.
எங்கள் விரலைத் தைத்த ஊசிக்கும்
துளி குங்குமம்,
ஏற்கெனவே சிவப்பு பார்த்த ஊசிதான்.

அன்று காலையில்தான்
கம்மலைக் கழற்றிக் கொடுத்திருந்தேன்.
மகனுக்கு பாலிடெக்னிக் இரண்டாம் தவணை.
துளை தூர்ந்துவிடக் கூடாதென்று
துடைப்பத்தில் ஒடித்த ஈர்க்குச்சி,
காதுக்கு ஒன்று.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஏழாம் லைனில் பாதிப் பேர் காதில்
ஃபீஸ் மாதத்தில் முளைக்கிற குச்சிதான் அது.

மினதி காலர் தைப்பாள். நான் காலர் ஏற்றுவேன்.
ஒடிசாவில் ஏதோ ஒரு ஊர்.
ஹாஸ்டல் வேனில் வருவாள், ஹாஸ்டல் வேனில் போவாள்.
அவள் காலர் எப்போதும் அரைத் தையல் குறையும்.
'ஆல்டர்' என்று தூக்கி எறிவேன்.
'ஆல்டர்' என்று திருப்பி எறிவாள்.
ஏழு மாதத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு
மொத்தமே அந்த ஒரு வார்த்தை.

பூசணிக்காய் உடைத்தார்கள். பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள்.
சூப்பர்வைசர் தணிகாசலம்
மச்சினன் கடையிலிருந்து தூக்கி வந்த ஸ்பீக்கர்
இரண்டு பாட்டு பாடிவிட்டு
கரண்ட்டோடு போய்ச் சேர்ந்தது.
ஜெனரேட்டர் போடச் சொன்னோம்.
'டீசல் கப்பல் சரக்குக்குத்தாம்மா, கூத்துக்கில்ல.'
சரி, வேன் வரட்டும் என்று
ஆளுக்கொரு சுவரில் சாய்ந்தோம்.

அமுலு
பட்டன் டின்னைக் கொட்டிக் கவிழ்த்தாள்.

இரண்டு கை, ஒரு தகரம்.
முதலில் ரோஸ்லின். பிறகு அயர்ன் பையன்கள்.
பிறகு பேக்கிங் சகுந்தலாக்கா,
புருஷன் போனதிலிருந்து
சோற்றுக்கு மட்டும் வாய் திறந்தவள்,
முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு
குத்தினாள் பாருங்கள் ஒரு குத்து,
நூல் கண்டுகள் ரேக்கிலிருந்து உருண்டன.
என்னை யார் இழுத்தார்கள் என்று தெரியவில்லை.
இழுக்காமலும் போயிருப்பேன்.

பத்தொன்பது வருசம் பெடல் மிதித்த கால்.
மிதித்ததைச் சேர்த்து வைத்திருந்தால்
காசிக்கே போய்த் திரும்பியிருக்கலாம்.
ஒரு அங்குலம் நகர்ந்ததில்லை.
அந்தக் கால் அன்றைக்கு
சிமெண்ட் தரையில் இறங்கி
தன் பாட்டுக்குப் போனது.
முட்டி வலித்தது.
எவனோ போடப்போகும் சட்டைக்காக இல்லாமல்
முதல் தடவையாக
எனக்காக வலித்தது.

ஒடிசாப் பெண்கள் ஒரு வரிசை கட்டினார்கள்.
ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்து
மூன்று எட்டு முன்னால், ஒரு குனிவு,
இரண்டு எட்டு பின்னால்.
எங்கள் குத்துக்கு அது பொருந்தவே இல்லை.
அவர்கள் பின்னால் போகும்போது
நாங்கள் முன்னால் பாய்ந்து
தோளும் தலையும் முட்டி
ரோஸ்லின் உட்கார்ந்தே விட்டாள்.
அமுலு கொஞ்சம் நிதானித்துப் பார்த்தாள்,
பிறகு டின்னைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு
நடுவில் ஒரு அடி விட்டு அடித்தாள்.
அந்த விட்ட அடியில்
எல்லோருக்கும் கால் வைக்க இடம் கிடைத்தது.

இந்தக் கலாட்டாவில் குச்சி விழுந்துவிட்டது.
இருட்டில் தரையைத் தடவிக்கொண்டிருந்தேன்.
அயர்ன் பையன் செல்போன் வெளிச்சத்தில்
மினதிதான் கண்டெடுத்தாள்.
துப்பட்டாவில் துடைத்து,
என் தாடையைப் பிடித்துத் திருப்பி,
வியர்வைக் காதில் செருகினாள்.
நூல் கோக்கிற விரல்.
ஒரே தடவையில் நுழைந்தது.
ஏதோ சொன்னாள், அவள் பாஷையில்.
ஆல்டர் என்று சொல்லவில்லை,
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

லீவு முடிந்து வந்தோம்.
குங்குமம் காய்ந்து மிஷினில் உதிர்ந்தது.
மணிக்கு அறுபது பீஸ் டார்கெட்.
கம்மலுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது.
காலர் வந்தது. அரைத் தையல் குறை.
தூக்கித்தான் எறிந்தேன்.
அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு
என்னையே பார்த்தாள்,
தன் காது மடலைத் தொட்டு
'ஆல்டர்' என்றாள்.

குச்சி சாய்ந்திருந்தது.