வட்டம் விழாத தட்டு

ஆறு வில்லைகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து,
பெயரின் முதலெழுத்துகள் மட்டும்.
வெளிர்மஞ்சள் கூழின்மேல் இடுக்கியால் வைத்து
லேசாக ஓர் அழுத்து.
முப்பத்தேழு டிகிரி, பதினெட்டு மணி நேரம்.
மருந்து வென்ற இடத்தில் காலையில்
கிருமி அண்டாத வட்டம் தெளிந்திருக்கும்.
அதை ஸ்கேலால் அளப்பது என் வேலை.

வட்டமே விழாவிட்டாலும்
பூஜ்யம் என்று எழுதக் கூடாது.
வில்லையின் அகலம் ஆறு மில்லிமீட்டர்,
ஆகவே ஆறு.
தோற்றுப்போனதற்கும் ஓர் அளவு உண்டு என்று
நசீமா டாக்டர் சிரிப்பார்.

ஆய்வகம் காரைக்குடியில்
ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு, வாடகைக்கு.
சுவரில் முகம் தெரியும்.
எத்தனை ஆயிரம் முட்டை உடைத்து
வெள்ளைக்கருவைச் சுண்ணாம்பில் குழைத்தார்களோ.
அந்த வெள்ளைக்கருவில் கிருமியைக் கொல்லும் சரக்கு உண்டு,
குஞ்சுக்கென்று கோழி வைத்த முதல் காவல்.
சுவரைக் காத்துக்கொண்டிருக்கிறது.

பதினொன்று முதல் பதினாறு வரை
சேவுகன் பண்ணைக் கோழிகள்.
எல்லாத் தட்டிலும் ஒரே பாட்டு:
ஆறு, ஆறு, ஆறு, பத்து, ஆறு, பத்தொன்பது.
எதிர்பார்த்ததுதான்.

பதினேழு,
கொழுஞ்சிக் கண்மாய்க் கருவேல மரத்தடியில்
வனக்காவலர் இருளாயி
பஞ்சில் தொட்டெடுத்த நத்தைகுத்தி நாரையின் எச்சம்.
மருந்துக்கடை வாசலே அறியாத பறவை.
ஆறு, ஆறு, ஆறு, பத்து, ஆறு, பத்தொன்பது.

சீட்டு மாறியிருக்கும் என்று மறுபடி போட்டேன்.
மாறவில்லை.

கொழுஞ்சிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி கிடையாது.
நாரை கூடு கட்டிவிட்டால்
கல்யாண வீட்டிலும் மைக் செட் கட்டுவதில்லை.
போன வருஷம் மச்சான் மகன் கையிலிருந்த சரத்தைப் பிடுங்கி
வாளித் தண்ணீரில் போட்டவர் இந்தச் சேவுகன்தான்.
"முட்டை வச்சிருக்குதுடா,
கிளப்பி விட்டுராதே."

குஞ்சு இறங்கும் அன்றைக்கே
நீல டிரம்மில் ஒரு கரண்டி பொடி கரைப்பார்.
கம்பெனிச் சீட்டில் இருக்கிறது:
முதல் நாள், ஏழாம் நாள்,
மழை பெய்தால், வெயில் ஏறினால்,
எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு நாள்.
குஞ்சு அவருடையதில்லை, தீவனமும் இல்லை.
கிலோவுக்கு ஆறு ரூபாய் கூலி.
நாற்பத்திரண்டாம் நாள் லாரி ஏறியதும்
அவருக்கென்று மிஞ்சுவது எரு மட்டும்.

எருக்குவியல் ஐப்பசி மழையில் கரைந்து
ஓடை பிடித்துக் கண்மாய்க்குப் போகிறது.
அங்கே நத்தை வாய் திறக்கிறது.
நத்தையிடம் நாரை வருகிறது.

இதைச் சொல்லத்தான் போனேன்.
கேட்டு முடித்துவிட்டுக் கண்மாயையே பார்த்தார்.
"நாங்க சத்தமே போடலியேம்மா."

நெற்றியை இடது கையால் துடைத்தார்.
வலது கையில் கட்டு.
கூண்டுக் கம்பி கிழித்து இருபது நாள்,
மூன்றாவது மாத்திரையும் கேட்கவில்லை என்றார்.
நாரைக்காக ஓர் ஊரே கேட்கிறது,
கிருமி கேட்க மாட்டேன் என்கிறது.
கட்டைப் பிரித்துப் பஞ்சில் ஒற்றி எடுத்துக்கொண்டேன்.
இருபத்துமூன்று.

மறுநாள் காலை எழுதிய வரிசையை
இந்நேரம் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.
கடைசியில் மட்டும் பத்தொன்பது இல்லை, இருபது.
ஈரம் கொஞ்சம் கூடியிருக்கலாம்.

மத்தியானம் போன் செய்தார்.
"எந்த மருந்தும்மா கேக்குது? பேரச் சொல்லு."
"பெரியாஸ்பத்திரி டாக்டருக்கு எழுதி அனுப்பிட்டேன்.
கையை நனைக்காதீங்க."
"பேரு?"

பின்னால் ஐயாயிரம் குஞ்சுகளின் கீச்கீச்,
அன்றைக்குத்தான் இறங்கியிருக்க வேண்டும்.
அதற்கும் பின்னால்
டிரம்மில் தண்ணீர் விழும் சத்தம்,
நிறைய நிறைய மெலிந்துகொண்டே வந்தது.

நான் சொல்லவில்லை.