கணக்கில் மாற்றமில்லை

இரவுப்பணி ஆறு மணிக்கு முடியும்.
கையெழுத்துப் போட்டு, கையுறையைக் கழற்றி,
டோங்காட்டின் கழிவுநீர்
ஆறாவதற்குத் தேர்ச்சி பெற்று வெளியேறும் குழாயின் மேல்
கொஞ்ச நேரம் நிற்பேன்.
வீட்டுக்குப் போக அவசரமில்லை.
வீடு என்றால் அண்ணன் வீடு.
அண்ணன் வீடு என்றால்
அதன் பின்னால் கார் நிறுத்தக் கட்டிய அறை.

கீழே நாணல்.
ஆள் உயரம், அதன் மேல் இன்னொரு ஆள் உயரம்.
உள்ளே ஒருவன் பாடுகிறான்.
மூன்று வாரமாகக் கேட்கிறேன், பார்த்ததில்லை.
சிமெண்ட் தரையில் கோலிக்குண்டைத் தவறவிட்ட மாதிரி
டக்… டக்.. டக். டக்டக்டக்டக்
பிறகு சிறகடிக்கும் சத்தம்
பிறகு ஒன்றுமில்லை.
நாணல் என்ற சொல்லுக்குள் நாணம் இருப்பதை
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.
இவன்தான் சொன்னான்,
ஆளைக் காட்டாமலே.

பைனாகுலரின் இடது கண்ணில் கீறல்.
எனக்கு எல்லாப் பறவைக்கும் குறுக்கே
ஒரு முடி உண்டு.

சிவப்பன்களுக்கு இந்த வெட்கமெல்லாம் கிடையாது.
முகம் கரி, மற்றதெல்லாம் கனல்.
பஞ்சுருண்டையாய் உப்பிக்கொண்டு
வண்டு போல விர்ரென்று
தங்கள் ஐந்தாறு நாணலுக்கு மேல் சுற்றுவார்கள்.
அதுதான் அவர்களின் பட்டா நிலம்.
பெண்கள் தவிட்டு நிறம்.
கூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம்.

காவலாளி பெகிதெம்பா தேநீரோடு வருவார்.
ஜூலுவில் நாணலுக்கு உம்லாங்கா.
"அந்தப் பேரில் கடலோரம் ஓர் ஊரே இருக்கிறது,
அங்கே இப்போது நாணலுக்கும்
கடைக்குத்தான் போக வேண்டும்."

வியாழக்கிழமை கேட்டார்:
கோகி என்றால் என்ன?
கோகிலாம்பாள் என்று முழுதாகச் சொன்னேன்.
அப்படியென்றால்?
குயில்.

குவளையைக் கீழே வைத்தார்.
பேசாமல் கையை நீட்டினார்.

செம்பு கலந்த பச்சை,
ஒரு கைப்பிடிகூட இருக்காது.
தன் வீட்டுக்குள் நுழைகிறவளைப் போல
சிவப்பன் கூட்டுக்குள் நுழைந்தாள்.
எண்ணினேன், ஏழு, எட்டு, ஒன்பது.
வெளியே வந்தபோது அலகில் ஒரு முட்டை,
நீலம்.
நாணல் ஆடி நின்றது.

பெகிதெம்பா சிரித்த சிரிப்பில்
கரையில் இருந்ததெல்லாம் எழும்பிப் பறந்தது.
"குயில் கட்டத்தில் எத்தனை எழுதப் போகிறாய்,
ஒன்றா, இரண்டா?"

குரலுக்காக வைத்த பேர்.
முட்டையைப் பற்றி
அப்பா யோசித்திருக்க மாட்டார்.

மறுநாள் ரப்பர் பூட்ஸோடு இறங்கினேன்.
முழங்கால் வரை குளிர்ந்த சேறு.
நாணலை வளைத்துப் பார்த்தால் மூன்று முட்டை.
முந்தாநாளும் மூன்று.
ஒன்றை எடுத்து ஒன்றை வைத்திருக்கிறாள்.
மூன்றும் நீலம். எது வந்தது,
எது இருந்தது என்று
என் கீறல் விழுந்த கண்ணுக்குத் தெரியவில்லை.
கையை எடுத்ததும்
தவிட்டு நிறத்துக்காரி வந்து
மூன்றின் மேலும் உட்கார்ந்தாள்.

குஞ்சு பொரித்தபின் என்ன நடக்கும் என்று
எனக்குத் தெரியும்.
நோட்டில் எழுதவில்லை.

திரும்பும் வழியில்
பத்துக் கிலோ அரிசி வாங்கினேன்.
சமையலறை வாசலில் இறக்கி வைத்தபோது
அண்ணி கேட்டாள்,
"இது எதுக்கு இப்ப?"
மேசையில் என் தட்டு
மூடி வைத்திருந்தது,
எப்போதும் போல.