நாலாவது பக்கம்

முதலில் நான் நாடாவைத்தான் சந்தேகித்தேன்.
மாநகர சபை நாடா அது,
பன்னிரண்டாம் அடியில் அறுந்ததை
ஆரோ ஆணியடித்துப் பொருத்தியிருந்தார்கள்.
மறுபடி பிடித்தோம், நானும் ஆதம்பாவாவும்.
வாவிப் பக்கம் இருநூற்றுப் பத்து.
கச்சேரிப் பக்கம் இருநூற்றுப் பத்து.
கடைத்தெருப் பக்கமும் அப்படியே.
நாலாவது மட்டும்
நடுவழியில் உள்ளே வளைந்து, கிறுகி,
எதையோ மறந்துபோய்த் திரும்பியவனைப் போல
பழைய கோட்டில் வந்து சேர்கிறது.

சதுக்கம் என்கிறது பெயர்ப்பலகை.

பதிவேட்டு அறையில்
கறையான் தின்று மிஞ்சிய படத்தில்
நாலு பக்கமும் நேர்.
யொஹான் பார்த்தலோட், படவரைஞர், 1889.
மூலைக்கொரு கல் சாடி.
நடுவில் எண்கோண மண்டபம்,
எட்டுத் தூணும் வார்ப்பிரும்பு, கப்பலில் வரவேண்டியவை.
அடித்தளத்துக்கு முருகைக்கல்,
"இடிந்த மதிலில் இருந்து எடுக்க."
எந்த மதில் என்று எழுதவில்லை.

செலவுக் கணக்கில்தான் அகப்பட்டது:
மேசன் கந்தப்போடிக்கு
மதிலை மரத்துக்கு விலத்திக் கட்டியதற்காக
மேலதிகம் மூன்று ரூபாய் எழுபத்தைந்து சதம்.
மருதோ வாகையோ, மரத்தின் பெயர் இல்லை.
வெட்டியிருந்தால் ஒரு ரூபாயோடு முடிந்திருக்கும்.
அந்த வரிக்குக் கீழே பார்த்தலோட்
சிவப்பு மையில் அழுத்திக் கோடு போட்டிருக்கிறார்.
காசும் கொடுத்திருக்கிறார்.

மறுகா எழுபத்தெட்டு.
ஒரே இரவில் ஐந்து தூண் மடங்கி
மண்டபக் கூரை வாவியில் மிதந்தது.
மரமும் அந்த இரவோடு சரி.
மதில் மட்டும் நின்றது,
இல்லாத மரத்துக்கு வழி விட்டுக்கொண்டு.

மறுகா அந்த வளைவுக்குள் மணல்மூட்டை.
மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் தெரு,
துவக்கு வைக்க வாய்ப்பான இடம்.
அடையாள அட்டையை நீட்டியபடி
ஊர் அதன் முன்னால் வருசக்கணக்கில் நடந்தது.
கந்தப்போடி இதற்கென்று கட்டவில்லை.

இப்போது அதற்குள் ஜெஸீமா கச்சான் வறுக்கிறா.
"காத்து வராது பிள்ளை, அடுப்பு அணையாது"
என்று ஒரு சுருள் தந்தா. காசு வாங்கவில்லை.
மிச்சமான மூன்று தூணிலும் வங்கி விளம்பரம்.

ஆணையாளரின் கடிதத்தில் மயக்கம் ஏதுமில்லை:
நாலு பக்கமும் நேராக்கவும்.
இன்டர்லொக் கல் பதிக்கவும்.
அழகுபடுத்தவும்.

இடிக்க, அள்ள, மீளக் கட்ட,
கூலி, சீமெந்து, டிரக்டர் லோட் என்று
மதிப்பீடு ஒரு பக்கத்தில் எழுதினேன்.
மறுபக்கத்தில் படம்.
பென்சில் வளைவுக்கு வந்ததும் தானாய் வளைந்தது.
வெளியே புள்ளிக்கோட்டில் ஒரு வட்டம் போட்டேன்,
மரத்துக்குப் போடுவது போல.

ஆதம்பாவா எட்டிப் பார்த்தார்.
"அங்க மரமில்லையே மிஸ்.
கச்சான் சட்டியெண்டா எழுதப்போறீங்க?"

வட்டத்தை வெறுமையாய் விட்டேன்.
பக்கத்தில் சின்னதாய், சிவப்பு மையில்:
விலத்திக் கட்டவும்.

அவர் நாடாவைச் சுருட்டினார்.
ஆணியடித்த இடத்தில் அது சிக்கியது.