பிரிவு 6 (ஆ)

பாமினியில அடிச்ச வரைவு. பதினொரு பக்கம்.
எங்களிட்டைக் கேட்டது
கடைசிப் பக்கத்தில ஒப்பம் மட்டும்.

பிரதேச செயலக மேல்மாடி.
மூண்டு காத்தாடியில ஒண்டு சுத்தேல்லை.
ரோல்சும் பிளேன்ரீயும் வந்தாப்பிறகு
சோனகதெரு சஹ்லாதான் உரத்து வாசிச்சாள்:

‘முறைப்பாடு செய்யும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்
தாயுடன் அல்லது தந்தையுடன் சமூகமளித்தல் வேண்டும்.’

பிறகு ஒருத்தரும் ரோல்ஸ் எடுக்கேல்லை.

“சேர், அவன் அந்தப் பிள்ளையை
என்ன சொல்லி வெருட்டுறவன்?
கொப்பருக்கு அனுப்புவன் எண்டு.
அவனிட்டை இருக்கிறதே அந்த ஒரு வசனம்தான்.
அதை நீங்கள் சட்டமாக்கிப் போட்டியள்.”

சேர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.
“உங்களுக்குத் தெரிஞ்ச ஆருக்கும்… நடந்ததோ?”
குருநகர் றொக்சன் சுத்தாத காத்தாடியைப் பாத்தான்.
நானும் அதைத்தான் பாத்தன்.
அதில ஒரு குளவிக்கூடு.

பதில் ஏழு வேலை நாட்களுக்குள், எண்டது பிரிவு ஒன்பது.
வெள்ளி பின்னேரம் கோண்டாவிலில கசிஞ்ச படம்
இஞ்ச இருட்ட முதல் ஸ்காபரோவில,
பாண் வாட்டிக்கொண்டு நிக்கிற ஒரு மாமியின்ர கையில.
திங்கள் அந்தப் பிள்ளை ரியூசனுக்கு வராது.
‘வேலை நாள்’ வெட்டி ‘மணித்தியாலம்’ எண்டு போட்டம்.
எத்தினை எண்டதில
முழுசா ஒரு மணித்தியாலம் சண்டை.

எங்கட ஊர்த் தூசணம் மெஷினுக்கு விளங்காது,
ஏதோ பூ, பழம் எண்டு விட்டிடும்
எண்டு றொக்சன் சொல்ல,
சேர் உதாரணம் கேட்டார்.
அதாலதான் பின்னிணைப்பு இரண்டு:
என்ர கையெழுத்தில, அகரவரிசையில,
முப்பத்தொரு சொல்.
நாலு அவருக்குத் தெரியாது.
ஒண்டில மட்டும் றகரம் பிழையெண்டு
சிவப்புப் பேனையால திருத்தித் தந்தார்.

அஞ்சரைக்குக் கதவு பூட்டுற ஆள்
திறப்புக் கோர்வையோட வந்து நிண்டுது.
6 (ஆ)வில தாயும் தந்தையும் வெட்டுப்பட்டு
மேல நீல மையில:
‘தாம் நம்பும் ஒருவருடன், அல்லது தனியே.’
இனி மூண்டு மொழியில கொழும்புக்குப் போகவேணுமாம்.
அங்க ஆர் எதை வெட்டுவினமோ தெரியாது.

‘அல்லது தனியே’ சேர்க்கச் சொன்னது நான்.
ஏனெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.
சஹ்லா மட்டும்
ஆறிப்போன தன்ர ரோல்ஸை
என்ர பக்கம் தள்ளிவிட்டாள்.