ஓரம்

மர்சூக் வாயைத் திறக்கிறார்.
கீழ்த்தாடை, வலப்பக்கம், ஆறாவது பல்.
அடைப்பைச் சுற்றிக் கபில நிறத்தில் ஒரு கோடு,
கழுவாத தேத்தண்ணிக் கோப்பையின் உள்விளிம்புபோல.

"ஐஸ் தண்ணி பட்டா
உச்சந்தலைக்குள்ள மணி அடிக்குது டொக்டர்.
இதப் போட்டது ஆரு?"

கார்டைப் புரட்டுகிறேன்.
என் கையெழுத்து.

கரண்ட் நின்று நின்று வந்த மாதம் அது.
வெள்ளவத்தை முழுக்க ஜெனரேட்டர் இரைச்சல்;
எங்கள் மாடியில் ஜெனரேட்டர் இல்லை.
சார்ஜ் இறங்கி நீல விளக்கு பாதியில் கண்மூடியது.
இரேஷா டோர்ச் பிடித்தாள்.
வெளியே ஒன்பது பேர்.
கன்னத்துக்குள் பஞ்சை உருட்டி வைத்து
இது காணும் என்று நினைத்தேன்.
எச்சில் வழி கண்டுகொண்டது.

இன்று ரப்பர் விரிப்பை இழுத்துப் பிடித்து
துளையால் அந்தப் பல்லை மட்டும் வெளியே எடுக்கிறேன்,
சட்டைப் பொத்தானைப்போல.
மிச்ச வாய் திரைக்குப் பின்னால்.
இனி மர்சூக்கால் பேச முடியாது.
அப்போதுதான் சொல்கிறேன்:
"போட்டது நான்தான்."

கண் ஒருமுறை என் பக்கம் உருண்டது.
பிறகு மின்விசிறிக்குத் திரும்பியது.

பழையதைத் தோண்டினால் அடியில் ஈரம், புளித்த மணம்.
சுத்தம் செய்கிறேன்.
அமிலம், பதினைந்து எண்ணும்வரை.
கழுவ வேண்டும். எனாமல் சுண்ணாம்பாய் வெளிற வேண்டும்.
உள்ளிருக்கும் மஞ்சள் பகுதியோ காய்ந்துபோகக் கூடாது,
அலை பின்வாங்கிய மணலளவு ஈரம் இருக்கட்டும்.
பசை தேய்த்து, ஊதி, ஒளி.

பிசின் இறுகும்போது சுருங்கும்,
அதன் குணம் அது.
சுருங்குகையில் சுவரை விட்டு விலகப் பார்க்கும்.
மயிரிழை விலகினால் போதும்,
ஒரு மதியச் சோறு முழுக்க உள்ளே போக.
அதனால் ஒரே அப்பலாய் அடைப்பதில்லை.
நெல்மணியளவு எடுத்து, சரிவாக, ஒரு சுவரில் மட்டும்.
ஒளி.
எதிர்ச்சுவர். ஒளி.

பாணந்துறைக்குப் போகிற ரயில்
கடலோரமாய்ப் பாய, தட்டில் கருவிகள் கிலுங்குகின்றன.
கையை எடுத்துவிட்டு
கடைசிப் பெட்டி போகும்வரை நிற்கிறேன்.
கதவைத் தட்டுகிறார்கள்.
தட்டட்டும்.

ஊசிமுனையால் ஓரத்தைச் சுற்றி வருகிறேன்.
எங்கும் தடக்கவில்லை.
இன்னொருமுறை சுற்றுகிறேன்.

விரிப்பு கழன்றதும்
மர்சூக் தாடையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு
"அப்ப இதுக்கும் காசா டொக்டர்?" என்றார்.
இரேஷா மாஸ்குக்குள் சிரித்தாள்.

கட்டணம் என்ற சொல்லுக்கு நேரே
ஒரு கோடு கீறினேன்.
ஆறு மாதத்தில் வரச் சொன்னேன்,
நோ இல்லாவிட்டாலும்.