ஒன்பது பத்து முதல் ஒன்பது ஐம்பது வரை

சோமனூரில் இரவு என்பது ஒரு சத்தம்.
நாடா போய் மோதும், திரும்பி வந்து மோதும்.
அதில் பிறந்து வளர்ந்த குழந்தைகள்
கரண்ட் போனால்தான் திடுக்கிட்டு அழும்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு ஸ்டேஷன் செல்லில் ஒரு குழந்தை.
"எங்கம்மா பேச மாட்டேங்குதுங்க."
பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.
எந்த வீடு கண்ணு?
"நீலக் கேட்டுங்க. கோயலுக்கு அக்கட்டால."
வெச்சுடாதே என்றேன்.
வைக்கவில்லை.
ஜீப் போய்ச் சேரும்வரை
என் காதில் அவள் மூச்சு.

கதவைத் திறந்தான் சென்னியப்பன்.
தலை படிய வாரி, வேட்டி மாற்றியிருந்தான்.
"வாங்க மேடம், டீ சாப்பிடறீங்களா?
ஊட்டுக்குள்ள சின்னப் பேச்சுங்க.
நீங்களும் குடும்பம் நடத்தறவங்கதானுங்களே."

துரைக்கண்ணு அவனை வாசலுக்குக் கூட்டிப்போய்
ரோட்டைப் பார்த்து நிற்கவைத்தான்.
அவன் கண் எட்டாத இடத்தில்தான்
அவள் வாய் திறக்கும்.
இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து
"என்னம்மா பிரச்சினை" என்று கேட்டவள்தான் நானும்,
ஒன்பது வருசம்.

நவமணி அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்திருந்தாள்.
"வழுக்கி உழுந்துட்டனுங்க."
குரல் கரகரத்தது.
தண்ணீர் கொடுத்தேன்,
முழுங்க முடியாமல் முகம் கோணியது.
டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன்.
கண் வெள்ளையில் கடுகு கடுகாய்ச் சிவப்பு.
பொடனியில் நகம் பதிந்த ஒரு பிறை.
அவ்வளவுதான். ரத்தம் இல்லை.

ரத்தம் இல்லை என்றுதான் எழுதினேன்
ருக்மாவதிக்கும். அவிநாசியில்.
"அனுசரிச்சுப் போ சாமி" என்று
இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன்.
பன்னிரண்டாம் நாள்
ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில்
அவள் காலில் கட்டிய சீட்டைப் படித்தேன்.
சமாதானக் காகிதத்தில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

நூற்றெட்டைக் கூப்பிட்டேன்.
"நடந்தே வர்றனுங்க" என்றாள்.
நீ படுத்துத்தான் வரணும் என்றேன்,
கொஞ்சம் அதட்டலாகவே.

தெருவில் ஆறு கதவு தட்டினேன்.
"தறிச் சத்தமுங்க மேடம்,
பக்கத்துல பேசறதே கேக்காதுங்."
ஆறு வீட்டிலும் அதே வாக்கியம்,
ஒரே பாவில் ஓட்டியது போல.

கவுன்சிலர் போன் செய்தார்.
"ஒறம்பரைக்குள்ள பேசி முடிச்சுக்கறமுங்க,
எஃப்.ஐ.ஆர். எல்லாம் எதுக்குங்?"
எழுதியாச்சுங்க என்றேன்.
எழுதியிருக்கவில்லை.
அன்று நான் சொன்ன ஒரே பொய் அது.

திரும்ப அடுப்பங்கரைக்கு வந்தேன்.
கவிழ்ந்த குண்டா. சிதறிய சோறு.
படம் எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன்:
சோற்றின் மேல் உறைந்த மெழுகு.

தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்தது.

சப்ஸ்டேஷனில் தூக்கக் குரல் ஒன்று
ரிஜிஸ்டரைப் புரட்டிச் சொன்னது:
"ஒம்பது பத்துக்குப் போச்சுங்க.
ஒம்பது அம்பதுக்கு உட்டோம்."

நாற்பது நிமிடம்
சோமனூரின் அந்தப் பக்கம்
ஒரு நாடாகூட ஓடவில்லை.

முதல் கதவையே மறுபடி தட்டினேன்.
சத்தம் போடவில்லை.
நேரத்தை மட்டும் சொன்னேன்.
ரங்கநாயகி முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சை
ஒவ்வொன்றாய்ப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.
"மூணு தரம் 'வேண்டாம் மாமா'ன்னுச்சுங்க.
அப்பறம் சத்தமே இல்லீங்.
கரண்டு எப்ப வரும் எப்ப வரும்னு
கும்புட்டுட்டு இருந்தனுங்க."

அப்படியே எழுதினேன்.
'கும்புட்டுட்டு' என்பதையும்.

ஆம்புலன்ஸ் ஏணியில் கால் வைக்கும் முன்
அந்தச் சின்னவள் என் பக்கம் திரும்பினாள்.
போனைக் காதிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.
"இப்ப வெச்சுடட்டுங்களா?"
குரல் இரண்டு முறை கேட்டது:
எதிரில் ஒரு முறை,
என் சட்டைப் பையிலிருந்து ஒரு முறை.