பன்னிரண்டு நிமிடம்

இக்கரையிலிருந்து அக்கரைக்குப் பன்னிரண்டு நிமிடம்.
ஃபியோர்டைக் கடக்கும் படகில் வாஃபிள் சுடுகிறேன்.
பெயர் குன்வோர்.
கப்பல் கட்டுவது எனக்குத் தெரியாது.
கட்டுகிறவர்களில் யாருக்குப் பால், யாருக்குக் கறுப்பு
என்பது தெரியும்.

ஏழு நாற்பது படகில்
ஜன்னலோரம் ஒட்வார். வின்ச் செய்கிறவர்.
அடுத்த மேசையில் ஸ்டெய்னார். அவரும் வின்ச்தான்.
தலையசைப்புக்கு மேல் ஒரு சொல் செலவழிக்க மாட்டார்கள்.
ஒட்வாரின் மகள் ஸ்டெய்னாரிடம் வேலை பார்க்கிறாள்,
ஸ்டெய்னார் வளர்த்த வெல்டர் ஒட்வாரிடம்.
இந்தக் கரையில் ரகசியத்தின் ஆயுள்
இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

ஒரு பிப்ரவரியில்
கடலிலிருந்து நேராக வந்து ஏறினாள்
கேப்டன் தோர்பியோர்க்.
பூட்ஸில் உப்பு பூத்திருந்தது.
"உங்கள் கிரேன் நாலு மீட்டர் அலையில்
குடிகாரன் மாதிரி தள்ளாடுகிறது"
என்றாள், எஞ்சின் அறைக்கே கேட்கும்படி.
ஒட்வாரின் காது சிவந்தது.
யாரோ ஒரு வடிவமைப்பாளன்
என் கவுண்டரிலிருந்து நாப்கினை உருவினான்.
(நாப்கினுக்கு நான் காசு வாங்குவதில்லை.)
கரை தெரிவதற்குள் மூன்று கோடு.
ஸ்டெய்னாரால் உட்கார முடியவில்லை,
எழுந்து வந்து நாலாவதைப் போட்டார்.
தப்பு என்று ஒட்வார் அதை அடித்தார்.

அடுத்த இலையுதிர் காலம்
இருவரும் தனித்தனியே, ஒரே மாதத்தில்,
தள்ளாடாத கிரேன் விற்றார்கள்.
யார் முதல் என்று இங்கே கேட்கக்கூடாது.

கப்பலின் உடல் இங்கே பிறப்பதில்லை.
ருமேனியாவில் தகடு வளைத்து,
இருபத்திரண்டு நாள் இழுத்து வருவார்கள்
கண் திறக்காத இரும்பை.
இங்கே அதற்கு நரம்பு கோப்பார்கள்.
கூடவே வந்த டோரினேல்
ஒரு வாஃபிளை நாலாக மடித்து
ராச்சாப்பாட்டை முடித்துக்கொள்வான்.
எங்கள் கெட்டிக்காரத்தனத்தின் கணக்கில்
அவன் கூலியும் ஒரு வரி.

பிறகு எண்ணெய் விழுந்தது.
விலைதான். ஆனால் சத்தம் கேட்டது.
முப்பத்தொரு கப்பல்
ஃபியோர்டின் நடுவே கட்டிக் கிடந்தன,
விளக்கேற்ற ஆளில்லாமல்.
அவற்றைச் சுற்றிக்கொண்டு போக
பதினான்கு நிமிடம் ஆயிற்று.
அந்த இரண்டு நிமிடமும் யாரும் பேசவில்லை.
டோரினேல் ஒருநாள் பெட்டியோடு ஏறினான்.
அன்றிலிருந்து மாவைப் பாதியாகக் கரைத்தேன்.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை என்று ஞாபகம்,
ஸ்டெய்னார் கோப்பையைத் தூக்கிக்கொண்டு
ஒட்வாரின் மேசையில் வந்து உட்கார்ந்தார்.
"காற்றாலைக்கு ஆள் ஏற ஒரு பாலம் வேண்டுமாம்.
டென்மார்க்காரன் கேட்கிறான்.
கப்பல் ஆடினாலும் பாலம் ஆடக்கூடாது.
கிரேனைப் படுக்கப்போட்டால் பாலம்தானே?"
ஒட்வார் கட்டிக் கிடந்த கப்பல்களைப் பார்த்தார்,
அதில் ஏழு அவருடைய வின்ச் சுமந்தவை.
"என்னிடம் ஆள் இருக்கிறது, ஆர்டர் இல்லை."
"ஆர்டர் இருக்கிறது. ஆளை அனுப்பித் தொலைத்துவிட்டேன்."
கேட்காமலே ஒரு கத்தை நாப்கின் வைத்தேன்.
முன்பு அடித்த அந்த நாலாவது கோட்டை
ஒட்வாரே போட்டார், பேனாவை அழுத்தி.

போன மாதம் ஒரு தூதுக்குழு வந்தது.
எந்த நாடு என்று சொல்வது நாகரிகமில்லை.
வரிச்சலுகையை எழுதிக்கொண்டார்கள்,
கல்லூரியில் எத்தனை இருக்கை,
சோதனைக் குளத்தின் நீளம், ஆழம்.
இதேபோல் ஒன்றை, இதைவிடப் பெரிதாக,
மூன்று வருடத்தில் எழுப்பிவிடலாம் என்றார் தலைவர்.
எழுப்பலாம். மனிதர் கெட்டிக்காரர்,
கையில் பணமும் இருக்கிறது.
வாஃபிள் நன்றாயிருப்பதாகச் சொல்லிவிட்டு
எல்லோரும் மேல்தளம் போனார்கள்,
மலையைப் படம் எடுக்க.

கீழே ஒட்வார் ஜன்னலோரம்,
ஸ்டெய்னார் அடுத்த மேசையில்,
மறுபடியும் வெறும் தலையசைப்பு.
பாலம் யாருடையது என்று வழக்கு நடக்கிறது.
இரண்டு வக்கீலும் இதே படகில்தான் வருகிறார்கள்,
ஒருவருக்குப் பால், ஒருவருக்குக் கறுப்பு.
நேற்று அந்தப் பால்காரர்
சாட்சியமாக ஏதாவது நாப்கின் பத்திரப்படுத்தியிருக்கிறேனா
என்று கேட்டார்.
மேசை துடைத்தேன் என்றேன்.